மேரி கியூரியின் 150 மாணவிகள்: போர்முனையில் பிறந்த ஒரு தொழில்

போரில் காயப்பட்டவர்கள் வாழும் வீடுகள் பலவற்றில், அலுமாரிக்குள் ஒரு பழைய எக்ஸ்ரே படம் இருக்கும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எத்தனையோ பொருட்களைக் கைவிட்டு வந்தவர்களும் அந்தப் படத்தை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருப்பார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், எலும்பின் சாம்பல் நிழலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அதுதான் செல் துண்டு. எடுக்கப் போனால் நரம்பு பாதிக்கும், அப்படியே இருக்கட்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்ட துண்டு. அந்த வைத்தியரின் பெயர் பலருக்கு இன்றும் நினைவிருக்கும். படத்தை எடுத்தவர் யார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பெயர் தெரியாத அந்தக் கைகளைப் போர்க்களத்துக்காகப் பயிற்றி அனுப்பியவர்களில் ஒருவர் உலகமே பெயர் அறிந்த ஒரு பெண். பாடப்புத்தகத்தில் ரேடியத்தைக் கண்டுபிடித்தவர், இரண்டு நோபல் பரிசுகளைப் பெற்றவர் என்று நாம் படித்த மேரி கியூரிதான் அவர். ஆனால் முதலாம் உலகப் போரின் நான்கு வருடங்களும் அவர் என்ன செய்தார் என்பதை எங்கள் பாடப்புத்தகங்கள் அதிகம் சொல்லவில்லை. ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டு, எக்ஸ்ரே கருவியை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு போர்முனைக்குப் போனார். கருவி மட்டும் போதாது, அதை இயக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்பதை அங்கே கண்டார். சுமார் 150 பெண்களுக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார்.

வரைபடத்தில் இல்லாத நாடு

1867 நவம்பர் 7 ஆம் திகதி வார்சோ நகரில் மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா பிறந்தபோது, போலந்து என்றொரு நாடு உலக வரைபடத்தில் இருக்கவில்லை. ரஷ்யா, புரூசியா, ஒஸ்ரியா ஆகிய மூன்று பேரரசுகளும் அதைப் பங்குபோட்டு 70 வருடங்களுக்கு மேலாகியிருந்தன. வார்சோ ரஷ்யாவின் பிடியில் இருந்தது. பாடசாலையில் ரஷ்ய மொழியில்தான் படிக்க வேண்டும். போலந்தின் வரலாற்றை ஆசிரியைகள் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள். பரிசோதகர் வருகிறார் என்று மணிச் சத்தம் கேட்டதும் புத்தகங்கள் மறையும், தையல் வேலை மேசைக்கு வரும். பரிசோதகரின் கேள்விகளுக்குத் திருத்தமான ரஷ்ய மொழியில் பதில் சொல்ல எழுப்பப்படும் பிள்ளை பெரும்பாலும் மரியாதான்.

தந்தை கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். போலந்துப் பற்றுக்காகப் பதவியிறக்கப்பட்டவர். வருமானம் குறையவே, வீட்டில் மாணவர்களைத் தங்கவைத்து உணவு கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினார்கள். மூத்த சகோதரி நச்சுக் காய்ச்சலில் இறந்தாள். 1878 இல் தாய் காசநோயில் இறந்தார். அப்போது மரியாவுக்குப் பத்து வயது.

15 வயதில் தங்கப் பதக்கத்தோடு பாடசாலைக் கல்வியை முடித்தார். வார்சோப் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. அதனால் அந்நகரத்தின் இளைஞர்கள் இரகசியமாக நடத்திவந்த ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதற்குக் கட்டடம் கிடையாது. பொலிஸாரின் கண்ணில் படாமலிருக்க இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு வேறொரு வீடு என்று வகுப்புகள் மாறிக்கொண்டேயிருக்கும். பறக்கும் பல்கலைக்கழகம் என்று அதை அழைத்தார்கள்.

அக்கா புரோனியாவுக்கு வைத்தியராக வேண்டும் என்று ஆசை. பாரிஸுக்குப் போனால் படிக்கலாம், ஆனால் காசில்லை. சகோதரிகள் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். முதலில் அக்கா பாரிஸுக்குப் போவது, தங்கை வேலை செய்து பணம் அனுப்புவது. அக்கா ஆளான பின் தங்கையைக் கூப்பிட்டுப் படிக்கவைப்பது. வெளிநாடு போன ஒருவரின் உழைப்பில் மற்றவர்கள் தலையெடுக்கும் கணக்கு எங்கள் குடும்பங்களுக்குப் பழக்கமானது. இங்கே ஊரில் நின்றவள் உழைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினாள்.

1886 இல் மரியா தொலைதூரக் கிராமமொன்றில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் வேலைக்குப் போனார். வேலை முடிந்த நேரத்தில் அந்த ஊர்க் குடியானவர்களின் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் போலிஷ் எழுத்தைக் கற்றுக்கொடுத்தார். பிடிபட்டால் கடுந்தண்டனை. சைபீரியாவுக்கு நாடுகடத்தப்படவும் கூடும். ஒரு சிறிய அறையில் கையில் கிடைத்ததை வைத்து, யாரும் கற்பிக்க முன்வராதவர்களுக்குக் கற்பிப்பது அவருக்கு அந்த வயதிலேயே பழகிவிட்டது. 30 வருடங்களுக்குப் பிறகு இந்தப் பழக்கம்தான் போர்க்கால பாரிஸில் உதவியது.

பாரிஸ்

1891 நவம்பரில், 24 வயதில் மரியா பாரிஸுக்கு வந்து மேரி ஆனார். குளிர்காலத்தில் சூடேற்றவும் வசதியில்லாத மேல்மாடி அறையில் இருந்து படித்தார். 1893 இல் பௌதிகவியல் பட்டப் பரீட்சையில் முதலாமிடம். அடுத்த வருடம் கணிதத்தில் இரண்டாமிடம். 1895 இல் பியர் கியூரியைத் திருமணம் செய்தார். அதே வருடத்தின் இறுதியில்தான் ஜேர்மனியில் ரொன்ட்ஜன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்தார்.

அதன் பின் நடந்தவை பலரும் அறிந்தவை. 1898 இல் மேரியும் பியரும் இரண்டு புதிய மூலகங்களைக் கண்டறிந்தார்கள். முதலாவதுக்கு, வரைபடத்தில் இல்லாத தன் தாய்நாட்டின் பெயரை வைத்து பொலோனியம் என்று அழைத்தார் மேரி. இரண்டாவது ரேடியம். 1903 இல் கணவன் மனைவி இருவருக்கும் ஹென்றி பெக்கரலோடு சேர்த்துப் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1906 ஏப்ரலில் பாரிஸ் வீதியொன்றில் குதிரை வண்டியில் சிக்கிப் பியர் இறந்தார். இரண்டு பெண்பிள்ளைகளோடு தனித்துப்போன மேரி, கணவரின் இடத்தில் சொர்போன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க ஆரம்பித்தார். அங்கே கற்பித்த முதல் பெண் அவர்தான். 1911 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசும் அவருக்கே கிடைத்தது.

ஆனால் அந்த 1911 ஆம் ஆண்டே அவரை ஏறக்குறைய உடைத்தும் போட்டது. ஜனவரியில் பிரெஞ்சு விஞ்ஞான அக்கடமி சொற்ப வாக்கு வித்தியாசத்தில் அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. பின்னர் பௌதிகவியலாளர் போல் லான்ஜவனோடு அவருக்கிருந்த நெருக்கத்தைப் பத்திரிகைகள் வீதிக்கு இழுத்தன. லான்ஜவன் மனைவியோடு பிணக்குப்பட்டிருந்தவர், பியரின் பழைய மாணவர். அந்நியப் பெண்ணொருத்தி பிரெஞ்சுக் குடும்பமொன்றைக் கெடுக்கிறாள் என்று எழுதினார்கள். அவருடைய வீட்டின் முன் கூட்டம் கூடியது. பரிசு வாங்க வராமல் இருப்பது நல்லது என்று சுவீடனிலிருந்தே ஆலோசனை வந்தது. மேரி போனார், பரிசை வாங்கினார். திரும்பி வந்து நோயில் விழுந்தார். தன்னை வந்தேறி என்று திட்டிய அந்த நாட்டுக்காகத்தான் மூன்று வருடங்களின் பின் அவர் போர்முனைக்குப் போனார்.

1914: பூட்டப்பட்ட ஆய்வுகூடம்

மேரிக்காகக் கட்டப்பட்ட ரேடியம் நிலையம் 1914 இல்தான் முடிவடைந்தது. ஓகஸ்டில் போர் வெடித்தது. ஆய்வுகூடத்து ஆண்கள் எல்லோரும் படைக்கு அழைக்கப்பட்டார்கள். பிரான்ஸிடம் ஆராய்ச்சிக்கென்று இருந்த ஒரே ஒரு கிராம் ரேடியம் ஜேர்மனியரின் கையில் விழுந்துவிடக்கூடாது. ஈயத்தால் மூடிய பாரமான பெட்டியில் அதை வைத்து, ரயிலில் போர்தோவுக்குத் தானே கொண்டுபோனார். வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, தப்பியோடி வருவோரின் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் பாரிஸுக்குத் திரும்பினார்.

தன்னால் என்ன செய்ய முடியும் என்று யோசித்தவர், யாரும் சரியாகக் கவனியாத ஒரு குறையைக் கண்டார். நகரத்துப் பெரிய வைத்தியசாலைகளில் எக்ஸ்ரே இருந்தது. போர்முனைக்குப் பக்கத்திலிருந்த வைத்தியசாலைகளில் அது இல்லையென்றே சொல்லலாம். சத்திரசிகிச்சை நிபுணர்கள் விரலாலும் கம்பியாலும் காயத்துக்குள் துழாவித் துண்டைத் தேடினார்கள். எறிகணைத் துண்டு தனியே உள்ளே போவதில்லை. சேற்றையும் உடுப்புத் துணியையும் சேர்த்தே கொண்டுபோகும். துண்டு உள்ளே கிடந்தால் காயம் அழுகும், கால் போகும், பிறகு உயிரும் போகும். துண்டு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் சிறிய வெட்டு போதும். இதை விளங்கிக்கொள்ள எங்கள் வாசகர்களுக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

எக்ஸ்ரே மேரியின் துறையல்ல. அவர் ஆராய்ந்தது ரேடியத்தின் கதிர்களை. இருந்தும் சில வாரங்களுக்குள் கருவியை இயக்கவும் உடற்கூற்றியலின் அடிப்படைகளையும் தானே கற்றுக்கொண்டார். பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிலும் கருவி செய்யும் நிறுவனங்களிலும் சும்மா கிடந்த எக்ஸ்ரே கருவிகளைத் தேடிச் சேர்த்தார். செஞ்சிலுவைச் சங்கத்தின் எக்ஸ்ரே சேவைக்குப் பணிப்பாளரானார். பணக்காரப் பெண்களிடம் போய்க் காரைத் தாருங்கள், போர் முடிந்ததும் தருகிறேன் என்று கேட்டார்.

காருக்குள் ஓர் எக்ஸ்ரே அறை

வண்டியின் அமைப்பு எளிமையானது. காரின் என்ஜினோடு ஒரு மின்பிறப்பாக்கி. நீண்ட வயர். எக்ஸ்ரே குழாய், அதைத் தாங்கும் சட்டகம், மடிக்கக்கூடிய மேசை, படத்தட்டுகள், சன்னலை மூடக் கறுப்புத் திரைகள். மின்சாரமே இல்லாத ஊரிலும் ஒரு வீட்டின் அறையோ மடாலயமோ கிடைத்தால் போதும். காரை வாசலில் நிறுத்தி, வயரை உள்ளே இழுத்து, திரையைத் தொங்கவிட்டு, ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் வேலையைத் தொடங்கிவிடலாம். முதல் வண்டி 1914 செப்டெம்பரில் மார்ன் சமரில் காயப்பட்டுப் பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்டவர்களுக்குப் பயன்பட்டது. நவம்பர் 1 ஆம் திகதி மேரி முதல் தடவையாகப் போர்முனைப் பக்கம், கிரேய் என்ற இடத்திலிருந்த வைத்தியசாலைக்குப் புறப்பட்டார். கூடவே 17 வயது மகள் ஐரீனும் போனாள்.

அதன் பிறகு தந்தி வந்தால் போதும். கறுப்பு மேலங்கி, கையில் செஞ்சிலுவைப் பட்டி, பழைய தோற்பையோடு கிளம்பிவிடுவார். பின்னர் சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்தார். சில்லுக் காற்றுப்போனால் தானே மாற்றுவார். 1915 ஏப்ரலில் கார் பள்ளத்தில் புரண்டு கருவிப் பெட்டிகளின் அடியில் அகப்பட்டார். காயத்துக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். வீட்டாருக்கே இது பிறகுதான் தெரியவந்தது. படைவீரர்கள் அந்த வண்டிகளைக் குட்டிக் கியூரி என்று அழைத்தார்கள்.

கருவியைக் கண்டு பயந்த காயக்காரர்கள் பலர். நோகுமா என்று கேட்பார்கள். புகைப்படம் எடுப்பதைப் போலத்தான் என்று சொல்லி அவர் தேற்றுவார். துண்டு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அறிய ஒரு கணக்கு இருந்தது. ஒரு தடவை படம் எடுத்துவிட்டு, குழாயை அளந்த தூரம் பக்கத்துக்கு நகர்த்தி அதே தட்டில் இன்னொரு தடவை எடுப்பார்கள். நிழல் எவ்வளவு விலகியது என்பதிலிருந்து ஆழத்தைக் கணிக்கலாம். பாடசாலைக் கேத்திரகணிதம்தான். பெல்ஜியத்தில் போர்முனைக்குச் சில கிலோமீற்றர் தொலைவிலிருந்த வைத்தியசாலையில், பதினெட்டு வயதும் நிரம்பாத ஐரீன் தனியே நின்று இந்த வேலையைச் செய்தாள். அங்கிருந்த இராணுவ வைத்தியர் முதலில் அவளுடைய கணக்கை நம்பவில்லை. அவள் சொன்ன திசையில் வெட்டியபோது துண்டு அகப்பட்டது. பதினெட்டாவது பிறந்தநாளும் அவளுக்கு அங்கேதான் கழிந்தது.

போர் முடியும்போது மேரியின் முயற்சியால் 20 வண்டிகளும் சுமார் 200 நிலையான எக்ஸ்ரே அறைகளும் உருவாகியிருந்தன. அவற்றில் பரிசோதிக்கப்பட்ட காயக்காரர்களின் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தாண்டும் என்று மதிப்பிடப்பட்டது.

அறையைப் பூட்டிக் கிடந்த கருவிகள்

கருவி பெருகப் பெருக வேறொரு சிக்கல் தலைதூக்கியது. சில இடங்களில் நல்ல கருவி இருக்கும், இயக்க ஆளிருக்காது. சில இடங்களில் அவசரமாகப் பழக்கப்பட்ட படைவீரர் இருப்பார். படம் மங்கலாக வரும், தட்டு கழுவத் தெரியாது, வயர் எரிந்துபோகும். கொஞ்சம் பழகியதும் அவரை வேறு முனைக்கு மாற்றிவிடுவார்கள். பிழையான படம் ஒன்று, படமே இல்லாததைவிட ஆபத்தானது. இல்லாத இடத்தில் வெட்டவைக்கும்.

பெண்களுக்குக் கற்பிப்போம் என்றார் மேரி. இராணுவ அதிகாரிகள் தயங்கினார்கள். மின்சாரமும் கணக்கும் பெண்களுக்கு ஏறுமா என்ற சந்தேகம் அவர்களுக்கு. 1916 இலையுதிர் காலத்தில் ரேடியம் நிலையத்திலேயே வகுப்பு ஆரம்பமானது. அதே ஆய்வுகூடத்தில்தான் ஆராய்ச்சி போரோடு நின்றுபோயிருந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் சுமார் 20 பேர். மின்சாரம், எக்ஸ்ரே, உடற்கூற்றியல் ஆகிய மூன்றையும் சில வாரங்களில் கற்க வேண்டும். காலையில் பாடம், பிறகு கையால் வேலை. குழாயைப் பொருத்துவது, பிழை கண்டுபிடிப்பது, இருட்டறையில் தட்டுக் கழுவுவது, துண்டின் ஆழத்தைக் கணிப்பது. கற்பித்தவர்களில் ஐரீனும் ஒருத்தி. அவள் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கும் அதே காலத்தில்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்களில் தாதியர் இருந்தார்கள். பெரிய இடத்துப் பெண்கள் இருந்தார்கள். அதிகம் படிக்காதவர்களும் இருந்தார்கள். வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த ஒருத்தி முதன்முதலில் தெளிவான படமொன்றை எடுத்தபோது, அது தன் சொந்த வெற்றி என்பதைப் போல மேரி மகிழ்ந்தாராம். சொர்போனில் உயர்கல்வி மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர், பின்னக் கணக்கில் தடுமாறியவர்களுக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். குடியானவர் பிள்ளைகளுக்குப் போலிஷ் எழுத்தைச் சொல்லிக்கொடுத்த அதே மரியாதான்.

போர் முடிவதற்குள் சுமார் 150 பெண்கள் இந்தப் பயிற்சியை முடித்து வைத்தியசாலைகளுக்குப் போனார்கள். தயங்கிய அதிகாரிகளே பிறகு ஆட்களை அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். கருவியை இயக்குபவர் என்று பொருள்படும் சொல்லால் அவர்களை அழைத்தார்கள். பிரான்ஸில் எக்ஸ்ரே எடுக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்றும் அந்தப் பெயர்தான். இந்த அனுபவங்களை எல்லாம் மேரி 1921 இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதில் தன்னைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை.

கொடுத்த விலை

கதிர்களின் ஆபத்து அப்போது அரைகுறையாகவே தெரிந்திருந்தது. மேரியும் மாணவிகளும் துணிக் கையுறையோடும் சிறிய ஈயத் தடுப்போடும் வேலை செய்தார்கள். பல நேரங்களில் அதுவும் இல்லை. சத்திரசிகிச்சை நடக்கும்போதே திரையில் படத்தைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு நாளில் எத்தனையோ தடவை கதிர் மேலே விழும்.

1918 இல் போர் முடிந்தது. போலந்து மீண்டும் வரைபடத்தில் வந்தது. ஐரீனுக்கு இராணுவப் பதக்கம் கிடைத்தது. மேரியின் போர்ப் பணிக்கு அரசு முறையான கௌரவம் எதையும் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அமெரிக்கப் பெண்கள் நிதி சேர்த்து 1921 இல் அவருக்கு ஒரு கிராம் ரேடியம் வாங்கிக்கொடுத்தார்கள். 1932 இல் வார்சோவில் ரேடியம் நிலையமொன்று திறக்கப்பட்டது. அதன் பணிப்பாளர் வேறு யாருமல்ல, தங்கையின் சம்பளத்தில் வைத்தியரான அக்கா புரோனியாதான்.

1934 ஜூலை 4 ஆம் திகதி, என்பு மச்சை செயலிழக்கும் கடுமையான இரத்தச்சோகை நோயால் மேரி இறந்தார். ரேடியம்தான் கொன்றது என்று எல்லோரும் நம்பினார்கள். 1995 இல் அவருடைய உடலைப் பாரிஸின் பாந்தியனுக்கு மாற்றுவதற்காகத் தோண்டியபோது, பேழைக்குள் எதிர்பார்த்த அளவு கதிரியக்கம் இருக்கவில்லை. போர்க்காலத்தில் பட்ட எக்ஸ்ரே கதிர்களே பெரும்பாலும் காரணமாக இருக்கலாம் என்று பரிசோதித்த நிபுணர்கள் கருதினார்கள். 1935 இல் கணவரோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்ற ஐரீன், 1956 இல் இரத்தப் புற்றுநோயால் 58 வயதில் இறந்தார்.

ஸ்கான் அறைக்கு வந்த வழி

இன்று ஒரு கர்ப்பிணித் தாய் ஸ்கான் அறைக்குள் படுத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்க்கிறார். அந்தக் கருவிக்கும் கியூரி குடும்பத்துக்கும் தொடர்பு உண்டு. 1880 இல் பியரும் அவருடைய அண்ணன் ஜாக்கும் சில பளிங்குகளை அழுத்தினால் மின்னேற்றம் உண்டாவதைக் கண்டார்கள். மேரி கதிர்வீச்சை அளந்த கருவியும் அந்தப் பளிங்கை வைத்துச் செய்ததுதான். மேரியோடு சேர்த்துப் பத்திரிகைகள் இழுத்துப்போட்ட அதே லான்ஜவன், 1917 இல் அத்தகைய பளிங்கைக்கொண்டு காதுக்குக் கேட்காத ஒலியை நீருக்குள் அனுப்பி, பட்டுத் திரும்பும் எதிரொலியால் நீர்மூழ்கிகளைத் தேடும் வழியைக் கண்டார். 1958 இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேற்று வைத்தியரும் அவருடைய குழுவினரும் அதே எதிரொலியால் வயிற்றுக்குள் இருப்பதைப் படமாக்கி வெளியிட்டார்கள்.

அல்ட்ராசவுண்டில் எக்ஸ்ரே கதிர் இல்லை. மேரியைப் பிடித்த ஆபத்து அங்கே கிடையாது. வருடக்கணக்காகக் கையை ஒரே வாக்கில் அழுத்திப் பிடிப்பதால் வரும் தோள் வலியும் மணிக்கட்டு வலியும்தான் அந்தத் தொழிலின் நோய். உடம்புக்குள் சிக்கிய மரச் சிராய், பிளாஸ்ரிக் போன்றவை எக்ஸ்ரேயில் தெரியாமல் ஸ்கானில் தெரிவதுண்டு. செல் துண்டோடு வாழ்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குப் போனால், உடம்பில் இரும்புத் துண்டு இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தக் கருவியின் காந்தம் துண்டை அசைக்கக்கூடும். அலுமாரியில் உள்ள பழைய எக்ஸ்ரே படத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் எங்கள் பிள்ளைகள் முதலில் நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கையில் அல்ட்ராசவுண்ட் ஸ்கானைப் பெரும்பாலும் வைத்தியர்களே செய்கிறார்கள். இங்கே அதற்கு மிக நெருங்கிய தொழில் கதிர்ப்படம் எடுப்பவருடையது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் அதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் படித்தவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் ஸ்கான் எடுப்பது வைத்தியரல்லாதோருக்கும் உரிய தனித் தொழில். பிரித்தானியாவில் பெரும்பாலானோர் முதலில் கதிர்ப்படத்துறையில் பட்டம் பெற்று, பின்னர் அல்ட்ராசவுண்டில் பட்டப்பின் படிப்பை முடிக்கிறார்கள். கனடாவில் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிப் படிப்பும் தேசிய மட்டப் பரீட்சையும் உண்டு. சில மாதப் படிப்பு, கையில் சான்றிதழ் என்று விளம்பரம் செய்யும் நிலையங்களுக்குப் பணம் கட்டுமுன், அந்தச் சான்றிதழை எந்த நாட்டு வைத்தியசாலை ஏற்கும், பயிற்சியின்போது உண்மையான நோயாளர்களோடு எத்தனை மணித்தியாலம் வேலை பழகக் கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும். சரியான பதில் வராவிட்டால் திரும்பி வந்துவிடலாம்.

மேரி போர்க்காலத்தில் சில வாரங்களில் கற்பித்தார் என்பதற்காக இன்று அது போதுமென்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் குறுகிய காலத்துக்குள்ளும் அவர் உடற்கூற்றியலையும் கணக்கையும் கைவேலையையும் விட்டுக்கொடுக்கவில்லை. பட்டனை அழுத்தத் தெரிந்தவர்களை அனுப்பி எண்ணிக்கையைக் கூட்டியிருக்கலாம். மேசையில் கிடப்பவரின் உயிர் அந்தப் படத்தில் இருக்கிறது என்று அறிந்தவர்களையே அனுப்பினார்.

மேரியின் குறிப்புப் புத்தகங்கள் இன்னும் கதிரியக்கத்தோடு ஈயப் பெட்டிகளில் வைக்கப்பட்டுள்ளன. அந்த 150 பெண்களில் பெரும்பாலானோரின் பெயர் பொதுவாக யாருக்கும் தெரியாது. அவர்கள் எடுத்த படங்களை வைத்துக் காலோ கையோ தப்பி வீடு திரும்பியவர்களுக்கும் தெரிந்திருக்காது. எங்கள் அலுமாரிகளிலுள்ள படங்களும் அப்படித்தான். மருந்தில்லாத, மின்சாரமில்லாத நாட்களில், மின்பிறப்பாக்கிக்கு எண்ணெய் தேடி, வெளியே செல் விழும்போதும் உள்ளே நின்று யாரோ ஒருவர் எடுத்தவை. அடுத்த தடவை அந்தப் படத்தை வெளியே எடுக்கும்போது அவரையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம். வீட்டில் உயிரியல் படிக்கும் பிள்ளை இருந்தால், படத்தைக் கையில் கொடுத்து, இதை எடுப்பதும் ஒரு தொழில்தான் என்று சொல்லியும் வைக்கலாம்.